முட்டை அறைக்குப் போய்வந்த தட்டு

பணி ஓய்வு பெறுகிறவர்கள்தான் வழக்கமாக இப்படி உட்கார்ந்து பேசுவார்கள். எனக்கு இன்னும் தலை நரைக்கவில்லை. சில வருடம் இந்த நாமக்கல் ஆய்வகத்தில் வேலை பார்த்துவிட்டு மேலே படிக்கப் போகிறேன், அவ்வளவுதான். ஆனாலும் போகிறவர், வருகிறவர்களிடம் கொஞ்ச நேரம் பேசிவிட்டுத்தான் போக வேண்டும் என்று இங்கே ஒரு வழக்கம். நீங்கள் நான்கு பேரும் இன்று காலைதான் சேர்ந்திருக்கிறீர்கள். இன்னும் யாரிடம் வேலை பார்க்கப் போகிறீர்கள் என்றுகூட உங்களுக்குத் தெரியாது. அதனால் இதுதான் சரியான நேரம்.

கிருமி வளர்க்கிற தட்டு ஊற்றுவது, கம்பியைச் சுடுவது, தட்டில் புள்ளிபுள்ளியாக வளர்ந்த கிருமிக் கூட்டத்தை, அதாவது காலனியைத் தொட்டு எடுப்பது எல்லாம் சீக்கிரமே கைக்கு வந்துவிடும். அதற்கு நான் தேவையில்லை. அப்படித் தானாகக் கைக்கு வராதது ஒன்று உண்டு. ஒரு பதில் நம் முன்னால் வந்து நிற்கும்போது, அது எந்த இடத்திலிருந்து வந்தது என்று கேட்கிற பழக்கம். எனக்கு அது அறவே கிடையாது. எதையும் சட்டென்று பிடித்துக்கொண்டு ஓடுகிறவள் நான். சேலம் சூரமங்கலத்தில் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவள் என்பதால் நம் பெரிய டாக்டர் எனக்கு ‘எக்ஸ்பிரஸ்’ என்று பெயர் வைத்திருந்தார். “எக்ஸ்பிரஸ் எந்த ஸ்டேஷன்லயும் நிக்காது, ரிசல்ட்டை எறக்கி வச்சுட்டுப் போய்ட்டே இருக்கும்” என்பார். கிண்டல்தான். ஆனால் கிண்டலில் பாதி நிஜம்.

பெரிய டாக்டர் என்று நாங்கள் சொன்னது அப்போதைய ஆய்வகத் தலைவரை. கால்நடை மருத்துவர். இந்தப் பக்கத்தில் கோழிப் பண்ணை வைத்திருக்கிற யாருக்கும் அவர் குரல் தெரியும். செத்த கோழியைத் திறந்து பார்த்துவிட்டு அவர் சொன்னால், ஷெட்டில் அன்று மாலையே அது நடக்கும். அவர் சொல்வது தப்பாகப் போனால் அதுவும் அன்று மாலையே நடக்கும். அந்தப் பயம் அவருக்கு எப்போதும் இருந்தது. அதை நாங்கள் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

நம் ஆய்வகத்தின் சுவரும் முட்டைக் கிடங்கின் குளிர் அறைச் சுவரும் ஒன்றுதான் என்பதைக் காலையிலேயே பார்த்திருப்பீர்கள். அந்த அறைக்குப் பொறுப்பு பழனியப்பன் அண்ணன். சித்திரை வெயிலில் வெளியே ரோடு கொதிக்கும்போது உள்ளே மங்கி குல்லாவும் மப்ளருமாக உட்கார்ந்திருப்பார். ஏதாவது ஒரு சாக்கு வைத்துக்கொண்டு நாங்கள் அங்கே போய்க் கொஞ்ச நேரம் நிற்போம். “முட்டை பாக்க வந்தீங்களா, மூஞ்சி ஆற வந்தீங்களா” என்பார்.

அந்த அறையை வைத்து இங்கே ஒரு நடைமுறை இருந்தது. மாதத்துக்கு ஒருமுறை ஈ.பி. காரர்கள் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்டை நிறுத்துவார்கள். ஷட்டவுன். அன்றைக்கு ஜெனரேட்டர் ஓடும், ஆனால் அந்த லைன் முட்டை அறைக்கு மட்டும்தான். முட்டை கெட்டால் லாரி நின்றுவிடும். ஆய்வகம் ஒரு நாள் நின்றால் யாருக்கும் ஒன்றுமில்லை. நம் அறைக்கோ தகரக் கூரை. தட்டுகளை உடம்புச் சூட்டில் வைத்திருக்கிற இன்குபேட்டர் பெட்டி அணைந்து, வெயிலும் ஏறினால் தட்டுகள் காய்ந்து வெடித்துவிடும். அதனால் ஷட்டவுன் நாளில் தட்டுகளை அடுக்காகக் கட்டி முட்டை ட்ரேக்களுக்கு நடுவே கொண்டுபோய் வைத்துவிடுவோம். பெரிய டாக்டர் செய்த ஏற்பாடு அது. வருடக்கணக்கில் அதனால் ஒரு தொந்தரவும் வந்ததில்லை. என்ன கிருமி, அதற்கு எந்த மருந்து கேட்கும் என்பதுதான் நம் வேலையில் முக்கால்வாசி. குளிர் அந்தப் பதிலை மாற்றாது, தாமதப்படுத்தும், அவ்வளவுதான்.

மாறுகிற பதில் ஒன்று இருந்தது. அது எங்களில் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

ஈ. கோலை உங்களுக்குத் தெரிந்த கிருமிதான். ஒவ்வொரு கோழியின் குடலிலும் இருக்கிறது, உங்கள் குடலிலும் இருக்கிறது, பெரும்பாலும் சும்மா இருக்கிறது. கோழி செத்துச் சில மணி நேரம் வெயிலில் கிடந்தால் குடலிலிருந்து கிளம்பி உடம்பெல்லாம் பரவிவிடும். அப்போது ஈரலில் ஈ. கோலை கிடைத்தது என்பதால் கோழியைக் கொன்றது அதுதான் என்று சொல்ல முடியாது. ஆனால் அதில் சில வகைகள் நிஜமாகவே கொல்லும். அவை தங்கள் மேல் ஓர் உறையைப் போர்த்திக்கொள்கின்றன. சர்க்கரைச் சங்கிலிகளாலான உறை. உயிர்களின் உடம்பும் தன் செல்களில் சிலவற்றின் மேல் அதே சாயலுள்ள சர்க்கரையை வைத்திருக்கிறது. அதனால் ரத்தத்தில் காவல் நிற்கிறவற்றுக்கு அந்தக் கிருமி அந்நியமாகவே தெரிவதில்லை.

அந்த உறை இருக்கிறதா என்று பார்க்க, அதை மட்டும் பிடித்துக்கொள்கிற ஒரு சீரம் உண்டு. கண்ணாடி ஸ்லைடில் ஒரு சொட்டு விட்டு, காலனியைத் தொட்டுக் கலக்கி, ஸ்லைடை மெல்ல ஆட்ட வேண்டும். உறை இருந்தால் கிருமிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, பால் திரிகிற மாதிரி துகள்துகளாகப் பிரியும். இல்லாவிட்டால் கலங்கிய நீராகவே கிடக்கும். கண்ணால் பார்க்கலாம். ஒரு நிமிடம்கூட ஆகாது. அதனாலேயே அதன் மேல் அவ்வளவு நம்பிக்கை.

கோகிலா என்று ஒருத்தி அப்போது புதிதாகச் சேர்ந்திருந்தாள். குமாரபாளையத்துப் பெண், அப்பா விசைத்தறி ஓட்டுகிறவர். அவளுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பண்ணைகளுக்குப் போய் மாதிரி எடுத்து வருவது அவள் பொறுப்பு. அதிகம் பேச மாட்டாள். பேசினால் ஒரு வார்த்தை கூடவும் இருக்காது, குறையவும் இருக்காது. நான் பத்து வார்த்தை பேசி முடித்ததும், “அப்படிங்களா அக்கா” என்பாள். அதில் என் பத்து வார்த்தையும் கரைந்துவிடும்.

அந்த வாரம் ஒரே நாளில் இரண்டு பண்ணைகளுக்குப் போய் வந்தாள். ஒன்று மோகனூர் பக்கம், வழக்கமான சோதனை, கோழிகள் நன்றாக இருந்தன. இன்னொன்று பரமத்தி வேலூர் பக்கம், வாழைத்தோட்டத்தை ஒட்டின ஷெட். அங்கே கோழிகள் செத்துக்கொண்டிருந்தன. முந்தின நாள் வரை தீனி தின்று முட்டையிட்ட கோழி, காலையில் கூண்டில் சாய்ந்து கிடக்கும். திறந்து பார்த்தால் உள்ளே பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. ஈரல் கொஞ்சம் வீங்கியிருந்தது. கோகிலா செத்த கோழியின் இதயத்திலிருந்து மாதிரி எடுத்து டியூப்பில் கொண்டுவந்தாள். ஈ. கோலை வளர்ந்தது. நானும் அவளும் சேர்ந்துதான் ஸ்லைடில் பார்த்தோம். சொட்டு திரிந்தது. உறை இருக்கிற வகை.

பெரிய டாக்டர் அன்றைக்கு ஊரில் இல்லை. தான் ஒருமுறை பார்க்காமல் அவர் கையெழுத்துப் போட மாட்டார். அது சரியான பழக்கம். மருந்து கொடு என்று சொல்லிவிட்டால், மருந்து ஓடுகிற நாட்களில் அந்த ஷெட்டின் முட்டைகளை விற்க முடியாது. கொன்றது வேறு நோயாக இருந்தால், மருந்தும் வீண், நாளும் வீண், பக்கத்து ஷெட்டும் போய்விடும். அவர் வந்து பார்ப்பதற்காக, இரண்டு பண்ணை டியூப்களிலிருந்தும் கோகிலா கம்பியால் புதுத் தட்டுகளில் இழுத்து வைத்தாள். மறுநாள் சனிக்கிழமை. ஷட்டவுன். அதனால் தட்டுகள் இன்குபேட்டருக்குள் போகாமலே முட்டை அறைக்குப் போயின. ஞாயிறு விடுமுறை.

திங்கட்கிழமை நான் உள்ளே நுழைந்தபோது கோகிலா அவர் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். மேசையில் ஸ்லைடு.

“அம்மிணி, இது வேலூர்ப் பண்ணைத் தட்டுத்தானே?”

“ஆமாங்க டாக்டர்.”

“போன வாரம் இதுல உறை இருக்குன்னு நீதானே சொன்ன?”

“நானும் அக்காவும் பாத்தோங்க.”

“இப்ப பாரு. கண்ட்ரோல் திரியுது. இது திரியல.” ஸ்லைடை அவள் பக்கம் தள்ளினார். ஒரு பக்கம் துகள்துகளாக இருந்தது. அது சீரத்தோடு வாங்கின, புட்டியில் அடைத்த செத்த கிருமி. சீரம் கெடவில்லை என்று காட்டுவதற்காக வைத்திருப்பது. மறுபக்கம் வெறும் கலங்கல். “ஒரே கிருமி எப்படி அம்மிணி ஒரு நாளைக்குச் சட்டை போட்டுக்கிட்டு வரும், ஒரு நாளைக்கு வெறும் உடம்போட வரும்?”

அவள் ஸ்லைடையே பார்த்தாள்.

“ஒரே நாள்ல ரெண்டு பண்ணைக்குப் போயிருக்க. தட்டுல இழுக்கறப்ப டியூப்பை மாத்திட்ட. மனுசன்தானே, மாறும். ஆனா மாறுனதைச் சொல்லோணும். சொல்லிட்டீன்னா இப்பவே வேற ஆளை வேலூருக்கு அனுப்பிப் புது சாம்பிள் எடுக்கச் சொல்றேன். இல்லைன்னு நின்னீன்னா, நீ கொண்டாந்த எல்லாத்தையும் ஒவ்வொண்ணாத் திருப்பிப் பாக்கோணும். நாளன்னிக்கு வரைக்கும் இழுக்கும். அப்பறம் உன்னைய பண்ணைக்கு அனுப்பறதா, இங்க வச்சுக்கறதாங்கறதையே யோசிக்கோணும். ஒத்துக்கறயா, இல்லயா?”

“நான் மாத்தலீங்க டாக்டர்.”

“யோசிச்சுட்டு வா.”

அவள் வெளியே போனாள். அவளுடைய வேலையும், அவள் சொல்லுக்கு இருக்கிற மதிப்பும் அந்த ஒரு கலங்கல் சொட்டில் நின்றன. நான் ஓடுகிறவள் என்றேனே, ஓடினேன். முதலில் தோன்றியது இதுதான்: அவள் இரண்டையும் மாற்றி வைத்திருந்தால், வேலூர்த் தட்டில் காணாமல் போன உறை மோகனூர்த் தட்டில் இருக்க வேண்டும். அதை யாரும் பார்க்கவில்லை. சீரம் புட்டியின் அடியில் ஈரமாகத்தான் மிச்சம். அடுத்த புட்டி வரத் தாமதமாகும் என்பதால் டாக்டர் ஒரு தட்டோடு நிறுத்திவிட்டார்.

மோகனூர்த் தட்டை இன்குபேட்டரில் தேடினேன். இல்லை. முட்டை அறைக்குப் போனேன்.

“என்ன சாமி, மூஞ்சி ஆறவா?” என்றார் பழனியப்பன் அண்ணன்.

“எங்க தட்டு இங்க இருக்குதாங்கண்ணா?”

“கெடக்குது. சனிக்கிழமை சாயந்தரம் எடுக்க வருவீங்கன்னு பாத்தேன், ஒருத்தரும் வரல. கரண்டு வந்ததும் அல்லாரும் ஊட்டுக்குப் போயிட்டீங்க. காலையில டாக்டரு வந்து ஒண்ணை மட்டும் தூக்கிட்டுப் போனாரு. மிச்சமெல்லாம் நம்ம முட்டையோட தூங்குது.”

தட்டை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்கு வந்து, டாக்டரிடம் கேட்டு, ஒரு சொட்டு சீரம் வாங்கிப் பார்த்தேன். திரியவில்லை. மோகனூரிலும் உறை இல்லை. அப்படியானால் மாற்றி வைத்தாள் என்பதே நிற்கவில்லை. போன வாரம் நாங்கள் இரண்டு பேரும் பார்த்த அந்தக் கிருமி இரண்டு தட்டிலும் இல்லை. எங்கே போயிற்று?

அப்போது என் விரல்கள் ஈரமாக இருப்பதைக் கவனித்தேன். தட்டின் மூடியில் வெளிப்புறம் முழுக்க முத்துமுத்தாக நீர். குளிரிலிருந்து வெக்கைக்கு வந்ததால் வியர்த்திருந்தது. இரண்டு நாள் முட்டை அறையில் வளர்ந்த கிருமி அது. காலனிகளும் ஊசிமுனை அளவுக்குத்தான் இருந்தன. காலையிலிருந்து எல்லாரும் பார்த்தோம், ‘சின்னதாக இருக்கிறது’ என்று நினைத்தோம், மேலே நகர்ந்துவிட்டோம்.

இதை நான் எம்.எஸ்ஸியில் படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். உறை செய்வது கிருமிக்குச் செலவு பிடிக்கிற வேலை. வெளியே, தண்ணீரிலும் எருவிலும் குளிர்ந்து கிடக்கும்போது அது தேவையில்லை. அதனால் உறைக்கான மரபணுக்கள் குளிரில் படிக்கப்படாமல் மூடிக் கிடக்கின்றன. டிஎன்ஏவைப் பிடித்துக்கொண்டிருக்கிற புரதங்களுக்கு அதில் பங்கு உண்டு. உடம்பின் சூட்டுக்கு வந்ததும் அதே மரபணுக்கள் திறந்துகொள்கின்றன. கிருமிக்குக் கண் இல்லை, மூக்கு இல்லை. தான் இப்போது ஓர் உயிருக்குள் இருக்கிறோமா, வெளியே இருக்கிறோமா என்று அது சூட்டை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறது. மனிதர்களுக்கு மூளைக்காய்ச்சல் தருகிற வேறொரு கிருமியில் இது இன்னும் விசித்திரம். செய்தியைச் சுமக்கிற ஆர்என்ஏ இழையே குளிரில் தன் மேல் மடிந்து கிடக்கும், சூடு ஏறினால் விரிந்து படிக்கக் கொடுக்கும். வெப்பமானி வேறு, செய்தி வேறு என்று இல்லை, இரண்டும் ஒன்றே. முதல்முறை படித்தபோது இரவு முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் இங்கே சேர்ந்த பிறகு ஒவ்வொரு ஷட்டவுனுக்கும் நானே தட்டுகளைக் கட்டி முட்டை அறைக்கு எடுத்துப் போயிருக்கிறேன். படித்தது சேலத்தில் இருந்தது, கை நாமக்கல்லில் இருந்தது.

டாக்டரிடம் மூச்சு விடாமல் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

“எக்ஸ்பிரஸ், பரீட்சைக்குப் படிச்சதை இங்க ஒப்பிக்காத. அவ உனக்குச் சிநேகிதி.”

“இந்த வேலூர்த் தட்டுல இருக்கற அதே காலனியை இப்பவே புதுத் தட்டுல இழுத்து இன்குபேட்டர்ல வைக்கறேங்க டாக்டர். காலையில உறை வந்திருந்தா கிருமி ஒண்ணுதான். வரலைன்னா நான் சொன்னது தப்பு.”

“சீரம் ஒரு சொட்டு இருக்குது. அதையும் செலவு பண்ணீட்டு ஒண்ணும் வரலைன்னா, அடுத்த புட்டி வர்ற வரைக்கும் நான் எந்தப் பண்ணைக்கும் பதில் சொல்ல முடியாது.”

அதற்குள் போன் வந்தது. வேலூர்ப் பண்ணைக்காரர் சென்னியப்பன். டாக்டர் ஸ்பீக்கரில் போட்டார்.

“ஏனுங்க டாக்டரு, ஆகும் ஆகாதுன்னு ஒண்ணு சொல்லுங்க. விடிஞ்சு கூண்டுக்குள்ள கைய உட்டா செத்த கோழிதான் கையில வருது. நீங்க மருந்துன்னா மருந்து. வேற நோவுன்னா அதுக்கு வழி. ஒண்ணுஞ் சொல்லாம இருந்தா நான் என்னங்க பண்றது?”

“நாளைக்குக் காலையில சொல்லிப் போடறேன்” என்றார் டாக்டர். போனை வைத்துவிட்டு என்னைப் பார்க்காமலே, “இழுத்து வை” என்றார். “உன்ற பொறுப்பு.”

இழுத்து வைத்தேன். இன்குபேட்டர் கதவை மூடினேன்.

கோகிலாவைத் தேடிக்கொண்டு போனால் அவள் பைக்கு ஜிப் போட்டுக்கொண்டிருந்தாள். முகம் சாதாரணமாக இருந்தது.

“ஒத்துக்கிட்டேங்க அக்கா” என்றாள்.

“எதை?”

“டியூப்பை மாத்திட்டேன்னு. இப்பத்தான் போய்ச் சொல்லிட்டு வாரேன்.”

“மாத்துனியா?”

“இல்லீங்க.”

“அப்பறம் எதுக்குடி சொன்ன? நான் தட்டு இழுத்து வச்சிருக்கேன். காலையில தெரிஞ்சுரும்.”

“வரலைன்னா? நான் நின்னா நாளன்னிக்கு ஆகும்னு டாக்டர் சொன்னாரு. சொல்லிட்டா இப்பவே ஆள் போகும். வண்டி கெளம்பிருச்சுங்க, பாத்தேன்.” பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சொன்னாள்: “அந்த ஷெட்டுல நான் நின்னேங்க அக்கா. ஒரு வரிசை முழுசும் சத்தமே இல்ல. கோழி ஷெட்டுல சத்தமில்லாம இருந்தா எப்படி இருக்கும்னு நீங்க பாத்ததில்ல.”

“வேலை போயிரும் கோகிலா.”

“அப்படிங்களா அக்கா” என்றாள். குமாரபாளையம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

ஒன்று சொல்ல வேண்டும். நெருக்கடியில் எடுக்கிற முடிவு என்று நாம் பேசும்போது, கத்தியைப் பிடித்திருக்கிற டாக்டர் எடுக்கிற முடிவைத்தான் நினைக்கிறோம். அன்றைக்கு இந்த ஆய்வகத்தில் எடுக்கப்பட்ட மிகப் பெரிய முடிவை எடுத்தவள் கோகிலா. அவள் எடுத்த முடிவு பொய். அதை எடுக்க வைத்தது நாங்கள்.

செவ்வாய் காலை நான் வந்தபோது டாக்டர் ஏற்கெனவே இன்குபேட்டரைத் திறந்து தட்டை வெளியே வைத்திருந்தார். காலனிகள் பெரிதாக, பளபளப்பாக, ஈரமாக இருந்தன. கோகிலாவும் வந்திருந்தாள், வேலையிலிருந்து எடுத்துவிட்டதாக யாரும் இன்னும் சொல்லவில்லை என்பதால். டாக்டர் புட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, விரலால் தட்டி, கடைசிச் சொட்டை ஸ்லைடில் விட்டார். காலனியைத் தொட்டார். கலக்கினார். ஸ்லைடை ஆட்ட ஆரம்பித்தார்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. கலங்கிய நீர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது. பிறகு ஓரத்தில் ஒரு துகள். பிறகு முழுவதும். பால் திரிந்தது.

அவர் ஆட்டுவதை நிறுத்தவில்லை. திரிந்த பிறகும் ஆட்டிக்கொண்டே இருந்தார். ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. ஸ்லைடைக் கீழே வைத்தால் பேச வேண்டும்.

கடைசியில் வைத்தார். “தட்டை முட்டை ரூமுக்குக் கொண்டுபோகச் சொன்னவன் நான்தான்” என்றார். எங்களிடம் சொன்னதா, தனக்குச் சொன்னதா என்று தெரியவில்லை. பிறகு கோகிலா பக்கம் திரும்பினார்.

“நீ மாத்தல.”

“இல்லீங்க டாக்டர்.”

“அப்பறம் ஏன் அம்மிணி மாத்திட்டேன்னு சொன்ன?”

அவமரியாதையாக ஆகிவிடக் கூடாது என்று வார்த்தையைத் தேடினாள் என்று நினைக்கிறேன்.

“நீங்க மாத்துனியான்னு கேக்கலீங்க டாக்டர். ஒத்துக்கறயான்னுதான் கேட்டீங்க.”

பெரிய டாக்டர் ஸ்லைடை எடுத்து மறுபடியும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கிருமி ஒருநாள் சட்டையோடு வந்தது, ஒருநாள் வெறும் உடம்போடு வந்தது. கோகிலாவின் பதிலும் அப்படித்தான் மாறியிருந்தது. எந்த இடத்தில் வைத்துக் கேட்டோம் என்பதை நாங்கள் கிருமியிடமும் பார்க்கவில்லை, அவளிடமும் பார்க்கவில்லை.

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கத் தெரியாதவர் அவர். நாற்காலியிலிருந்து எழுந்து, போனை எடுத்து வேலூருக்குப் போட்டு, கோகிலாவின் கையில் கொடுத்தார்.

“நீ சொல்லு. உன்ற சாம்பிள், உன்ற ரிசல்ட்டு.”

அவள் சென்னியப்பனிடம் பேசினாள். கிருமி எது, எந்த மருந்து, எவ்வளவு நாள், அந்த நாட்களில் முட்டையை வெளியே விடக் கூடாது, கோழி தண்ணீர் குடிக்கிற குழாய் வரிசையை முழுக்கக் கழுவிவிட வேண்டும் என்று ஒரு வார்த்தை கூடாமல், ஒரு வார்த்தை குறையாமல் சொன்னாள். பிறகு ஸ்பீக்கரில் சென்னியப்பன் குரல்: “அன்னிக்கு வந்த பாப்பாதானே? சரி கண்ணு. நேத்துச் சொல்லியிருந்தா இன்னும் ஒரு வரிசை நின்னிருக்கும். பரவால்ல, போனது போச்சு. இருக்கறதைப் பாப்போம்.”

‘பரவால்ல’ என்று அவர் சொன்னது கோகிலாவுக்கு. அதைக் கேட்டுத் தலையைக் குனிந்தது பெரிய டாக்டர்.

முந்தின நாள் கிளம்பின ஆள் எடுத்து வந்த புது மாதிரியும், அடுத்த சீரம் புட்டி வந்ததும், அதையேதான் சொன்னது. ஷெட்டில் சாவு மெல்ல நின்றது. எவ்வளவு கோழி மிஞ்சியது என்று கோகிலாவுக்குத் தெரியும், நான் கேட்டதில்லை. அந்த வாரத்திலேயே ஜெனரேட்டர் லைன் ஒன்று நம் இன்குபேட்டருக்கும் வந்தது. எங்கள் தட்டுகள் முட்டை அறைக்குப் போவது நின்றதில் பழனியப்பன் அண்ணனுக்கு வருத்தம். “இனி மூஞ்சி ஆற என்ன சாக்குச் சொல்லுவீங்க” என்று கேட்டார்.

பெரிய டாக்டர் போன வருடம் ஓய்வு பெற்றுவிட்டார். போகும்போது அந்த மேசையை யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று அவர்தான் சொன்னார். நாளைக் காலை நீங்கள் நான்கு பேரும் போய் நிற்கப்போகிற மேசை அதுதான். அங்கே கோகிலா உட்கார்ந்திருப்பாள். நீங்கள் ஒரு தட்டை நீட்டி, இது இதுதான் என்று சொன்னால், அவள் தட்டைப் பார்க்க மாட்டாள். உங்களைப் பார்ப்பாள். “இதை எங்க வச்சிருந்தீங்க?” என்பாள். அது திட்டு இல்லை. பயப்படாதீர்கள். இன்குபேட்டர், மேசை, பைக், பஸ் சீட்டு, எதுவானாலும் அதை அப்படியே சொல்லுங்கள்.

உங்களில் ஒருவர் என்றாவது டியூப்பை மாற்றி வைப்பீர்கள். கதைக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே மாற்றி வைப்பீர்கள். இந்த வேலையில் அது நடக்கும். அன்றைக்கும் அவள் உங்களைக் கூப்பிட்டு, நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லி, “என்னங்க நடந்துச்சு?” என்றுதான் கேட்பாள். கேட்டுவிட்டு, நீங்கள் சொல்லி முடிக்கும் வரை காத்திருப்பாள்.